திருப்பிப் போட்ட நாற்காலி

வாங்க சார், மெதுவா ஏறுங்க. அந்தக் கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உயரம், கொத்தனார் செஞ்ச வேலை. ஏறுறவங்க எல்லாரும் அங்கதான் தடுக்குவாங்க. உக்காருங்க. அதுல வேண்டாம், அது என் நாற்காலி. இந்தப் பிரம்பு நாற்காலியில உக்காருங்க. விசாரிக்க வர்றவங்க எல்லாரும் இதுலதான் உக்காருவாங்க. சுவர் பக்கமா மட்டும் தள்ளிப் போட்டுக்காதீங்க. கைப்பிடிச் சுவர் ரொம்பக் கட்டை, முழங்காலுக்கு மேல வராது. உசத்திக் கட்டணும் கட்டணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

எப்படித் தெரிஞ்சுதுன்னு பாக்கறீங்களா? டீக்கடையில கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு எதிர் வீட்டைப் பாக்காத மாதிரி பாத்தீங்க. அப்புறம் இஸ்திரி போடுறவர்கிட்ட போயி ஏதோ கேட்டீங்க. அவர் கையை மேல தூக்கி என்னைக் காட்டினாரு. பொண்ணு கொடுக்கப் போற அப்பா தெருவுல நடக்கிற நடையே ஒரு தினுசா இருக்கும் சார். இங்கேர்ந்து பாத்தா தெரு முழுக்கத் தெரியும். எதிர் வீட்டு மொட்டை மாடி நமக்குக் கீழ இருக்கு பாருங்க, தட்டுல வெச்ச மாதிரி தெரியும். இந்தத் தெருவுல அந்த வீட்டைப் பத்திக் கேக்கணும்னா என்னைத்தான் கேக்கணும். நியாயமான மனுஷன், ஒரு பக்கம் சாய மாட்டார்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.

பட்டுக்கோட்டையா? பேரு நாகரத்தினம். சரி சார். பொண்ணு பேரு வான்மதியா? நல்ல பேரு. திரும்பிப் போற பஸ்ஸைப் பத்திக் கவலைப்படாதீங்க. கிழக்கே கருத்திருக்கே தவிர, காத்து இன்னும் திரும்பல. இன்னிக்கு மழை கிடையாது. காலையிலயே பாத்துட்டேன்.

என் பேரு அமிர்தகடேசன். வானிலை ஆபீஸ்ல அப்சர்வரா இருந்து ரிட்டயர் ஆனவன். அப்சர்வர்னா ஒண்ணும் பெரிய உத்தியோகம் இல்ல சார், பாக்கிறவன். பாத்ததை எழுதறவன். மழை பேஞ்சா நல்ல மழைன்னு எழுதக் கூடாது. எத்தனை மில்லிமீட்டர்னு எழுதணும். வயல்காரனுக்கு அது நல்ல மழை. வேதாரண்யத்துல உப்பளம் வெச்சிருக்கிறவனுக்கு அதே மழை வயித்தெரிச்சல். மழைக்கு அதெல்லாம் தெரியாது. எழுதறவனுக்கும் தெரியக் கூடாது. ஆயுசு பூரா அப்படியே பழகிட்டேன்.

அதோ அந்த மூலையில நிக்குது பாருங்க புனல் வெச்ச டப்பா, அது மழைமானி. ரிட்டயர் ஆனதும் நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். அதுல விழுந்த தண்ணியைக் கண்ணாடிக் குவளையில ஊத்தி அளக்கணும். அளக்கும்போது குனியணும் சார். கண்ணு தண்ணி மட்டத்துக்கு வரணும். நின்ன வாக்குல மேலேர்ந்து பாத்தா கூடக் காட்டும். கீழேர்ந்து பாத்தா குறைச்சுக் காட்டும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் கொடுத்தது குனியறதுதான்.

அப்படி வேலைக்கு வந்த ஒரு பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "சார், கருவி பொய் சொல்லாது, சரி. ஆனா அதை எங்க கொண்டு போய் வெக்கிறதுன்னு நாமதானே முடிவு பண்றோம்? சுவரோரத்துல வெச்சா, சுவர் மறைச்ச மழை கணக்குலயே வராதே?"ன்னு கேட்டா. அதுக்குத்தாம்மா விதி இருக்கு, திறந்த வெளியில வெக்கணும்னு சொன்னேன். "மனுஷனைத் திறந்த வெளியில வெக்க முடியுமா சார்? ஏதாவது ஒரு சுவரோரத்துலதானே உக்காந்திருப்பான்?"னா. சிரிச்சுட்டு விட்டுட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு குதர்க்கம். முடியாதுன்னா நான் எப்படி இருக்கேன்? இத்தனை வருஷமா இதே தெருவுல இருக்கேனே, அவன் பக்கம் இவன் பக்கம்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?

காபி சாப்பிடுங்க. ஃபிளாஸ்க்ல சூடா இருக்கு. சௌந்தரவல்லி அக்கா கொடுத்தனுப்பினது.

ஆமா, எதிர் வீட்டு சௌந்தரம் அக்காதான். உங்க மாப்பிள்ளையோட அம்மா. ஏன் டம்ளரைக் கீழ வெச்சுட்டீங்க? என் வீட்டுக்காரி போனதுலேர்ந்து மூணு வேளையும் அவங்க வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு. பொண்ணு ஓசூர்ல இருக்கா, இந்த வயசுல நான் அடுப்படியில நிக்க முடியுமா? மாத்திரை மருந்து வாங்கிட்டு வர்றது, கரண்ட் பில் கட்டறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவங்க மகன் இளவழகன் தம்பிதான். கூடப் பிறந்த அக்கா மகன் கூட அப்படிச் செய்ய மாட்டான். 'மாமா, மாமா'ன்னு உசிரை விடுவான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது சார். சாப்பாடு சாப்பாடு. சாட்சி சாட்சி. அதை ரெண்டையும் பிரிச்சு வெக்கத் தெரியாதவன் நான் இல்ல.

கேளுங்க, என்ன தெரியணும்?

ஜாதகத்துல பத்துப் பொருத்தமும் இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. என் பொண்ணுக்கே நான் ஜாதகம் எழுதல. நட்சத்திரத்தைப் பாத்து மனுஷனை அளக்கிறது எனக்கு ஒத்துக்காத விஷயம்.

தம்பியைப் பத்திச் சொல்றேன். நவீன அரிசி ஆலையில மேனேஜர், அது உங்களுக்கே தெரியும். குடிச்சுட்டு வந்து நான் பாத்ததில்ல. தெருவுல யார்கிட்டயும் குரல் உசத்திப் பேசி நான் பாத்ததில்ல. சின்னப் பையன்லேர்ந்து பாக்கிறேன், ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பள்ளிக்கூடம் படிக்கிற வயசுல அந்த மாடியிலதான் பட்டம் விடுவான். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் கையை இவனோட மாஞ்சா நூல் அறுத்துடுச்சு. ரத்தம் கொட்டுது, அந்தப் பையன் அலர்றான், தெருவே கூடிடுச்சு. இவன் பதறல. நூலைச் சிக்கு இல்லாம உருளையில சுத்தி, பட்டத்தை மடக்கி ஓரமா வெச்சுட்டு, அப்புறம்தான் வந்து எட்டிப் பாத்தான். அந்த வயசுலயே அவ்வளவு நிதானம்.

மூத்த தாரத்தைப் பத்திக் கேக்கணும்னு உங்க நாக்கு நுனியில நிக்குது. கேளுங்க சார், தப்பில்ல. ரெண்டாம் தாரமாக் கொடுக்கப் போறீங்க, கேக்காம இருக்க முடியுமா? தரகர் என்ன சொன்னாரு? மாடியிலேர்ந்து தவறி விழுந்து போயிட்டான்னா? சரிதான். அப்படித்தான் போலீஸ்லயும் எழுதி முடிச்சாங்க.

பேரு மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவாங்க. திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவங்க அப்பாவும் உங்களை மாதிரியேதான் வந்தாரு. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. இப்ப உங்ககிட்ட சொன்னதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, நீங்க சொன்னதே போதும், எனக்கு வயித்துல பால் வாத்தீங்க"ன்னுட்டுப் போனாரு.

அந்தப் பொண்ணு கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தம்பிக்கு ஏத்தவ இல்ல. துணி காயப்போட்டா கொடி ஒரு பக்கம் தொங்கும், கிளிப்பு ஒரு பக்கம் கிடக்கும். வாசல்ல கோலம் போடுறப்பவே யாரோடயாவது பேச்சு, சிரிப்பு. ஆறு மாசத்துல அதெல்லாம் நின்னு போச்சு, அதையும் சொல்லிடறேன். சிரிப்பு நின்னதையும் நான்தான் பாத்தேன். நான் ரெண்டையும் சொல்றேன் பாருங்க.

சத்தமா? சத்தம் கேக்கும். எந்த வீட்டுல கேக்கல? ஏதோ உருளும், ஏதோ உடையும். கேக்கிறதும் பாக்கிறதும் ஒண்ணு ஆகாது சார். இடி கேட்டா, இடி கேட்டுதுன்னு எழுதலாம். எங்க விழுந்தது, யார் தலையில விழுந்ததுன்னு எழுத முடியுமா?

ஒரு நாள் மத்தியானம் அவதான் எனக்குக் கேரியர் எடுத்துக்கிட்டு வந்தா. எப்பவும் தம்பி கொண்டு வருவான், இல்லேன்னா வேலைக்காரம்மா. அன்னிக்கு அவ வந்தா. கேரியரைக் கீழ வெக்கிறப்ப மணிக்கட்டுல ஒரு காயம். சுத்தியும் கன்னிப்போயிருந்தது. வளையல் உடைஞ்சு கிழிச்சிருக்கும்னு நினைச்சேன். நினைச்சதைச் சொல்லக் கூடாது, கண்டது காயம், அவ்வளவுதான். அவ அந்தச் சுவர்கிட்ட போயி நின்னு அவங்க மாடியையே பாத்துக்கிட்டு இருந்தா. "அப்பா, இங்கேர்ந்து எங்க மாடி இவ்வளவு நல்லாத் தெரியுமா?"ன்னு கேட்டா. என்னை அப்பான்னுதான் கூப்பிடுவா. எனக்கு அது பிடிக்கல. உறவு சொல்லிக் கூப்பிட்டா பக்கம் சேக்கப் பாக்கிறாங்கன்னு அர்த்தம்.

நல்லாத் தெரியும்மான்னேன்.

"நீங்க தினமும் இங்கதானே உக்காந்திருப்பீங்க?"

"ஆமா."

"எங்க அப்பா வந்து கேட்டா, பாத்ததைச் சொல்வீங்களா அப்பா?"

"பாத்ததைச் சொல்வேம்மா. உனக்காகவும் சொல்ல மாட்டேன், அவனுக்காகவும் சொல்ல மாட்டேன். பாத்ததைச் சொல்வேன்"னு சொன்னேன்.

அது போதும்பான்னா. போயிட்டா.

அதுக்கப்புறம்தான் சார் தொந்தரவே. முன்னாடியெல்லாம் வீட்டுக்குள்ள எது நடந்தாலும் உள்ளயே இருப்பா. இப்ப சத்தம் வந்தா நேரா மாடிக்கு ஓடி வர ஆரம்பிச்சா. வந்து, கரெக்டா எனக்கு நேரா நிப்பா. வேற இடமே இல்லையா அந்த மாடியில? எனக்கு நேரா. பின்னாலயே தம்பி வருவான். அவன் அக்கம்பக்கம் பாக்க மாட்டான், பாவம், அவனுக்கு நான் இங்க இருக்கிறதே மனசுல இருக்காது. அவ மட்டும் நிமிர்ந்து என்னைப் பாப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா. பாப்பா. நான் என்ன பண்ணுவேன்? ஒரு குடும்பத்து விஷயத்துல என்னை இழுத்து நடுவுல நிறுத்தறான்னு எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. வேணும்னே செய்யறா. எனக்குக் காட்டணும்னே செய்யறா. ஒருத்தர் காட்டுறதைப் பாத்தா அது பாக்கிறது ஆகுமா? அது அவங்க பக்கம் சாயறது.

அதனால என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன்.

ஆமா சார். அந்தப் பக்கமா, அதோ தெரியற கடலைப் பாத்து. வீட்டுக்கு முதுகைக் காட்டி. அதுதானே நியாயம்? இவ பக்கமும் வேண்டாம், அவன் பக்கமும் வேண்டாம். கடல் யாரோட பக்கமும் கிடையாது. அதுக்கப்புறமும் மாடிக்கு ஓடி வர்ற காலடி கேக்கும். கொலுசு போட்டிருந்தா. கொலுசுச் சத்தம் வந்து நிக்கும், கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். நான் திரும்ப மாட்டேன். ஒரு தரம், "அப்பா"ன்னு ஒரு குரல். காத்து பலமா இருந்தது, என்னைத்தான் கூப்பிட்டாளான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. நிச்சயமில்லாததை நான் கணக்குல எடுத்துக்கிறதில்ல.

அந்த ஐப்பசியிலதான் போனா. காஞ்ச துணியை எடுக்க மாடிக்கு வந்தவ, கீழ விழுந்துட்டா. கீழ துவைக்கிற கல்லு. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. இன்ஸ்பெக்டர் இங்கயும் வந்தாரு. நல்ல மனுஷன். "ஐயா, அந்தம்மா விழுந்ததை நீங்க பாத்தீங்களா?"ன்னாரு. பாக்கலைன்னேன். "அப்ப வீட்டுக்குள்ள யார் யார் இருந்தாங்கன்னு தெரியுமா?"ன்னாரு. வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாது சார்னேன். உண்மைதானே? சுவரைத் துளைச்சா பாக்க முடியும்? கேட்ட கேள்விக்குப் பதில். அவர் எழுதிக்கிட்டாரு, நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பொண்ணோட அப்பாவும் வந்தாரு. படியேறி மேல வரல, தெருவுலயே நின்னாரு. "பாக்கலையா? நீ பாக்கலையா? எம் பொண்ணு உன்னை நம்பிக்கிட்டு இருந்தாளேய்யா! அந்த வீட்டுக்கு எதிர்ல எனக்கு ஒரு கண்ணு இருக்குப்பான்னு போன்ல சொன்னாளேய்யா! அந்தக் கண்ணு எங்கய்யா போச்சு?"ன்னு கத்தினாரு. குனிஞ்சு மண்ணை வாரி என் வாசல்ல தூத்தினாரு சார். என் வாசல்ல! எதிர் வீட்டு வாசல்ல தூத்தினாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு. நான் என்ன பண்ணினேன்? நான் இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. நடுவுல இருந்தவன் வாசல்ல மண்ணை வாரித் தூத்தலாமா? நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல. தெருவே பாத்துது. சௌந்தரம் அக்காதான் பெருக்கித் தண்ணி தெளிச்சு விட்டாங்க, மனசு கேக்காம.

இப்ப நாற்காலியைப் பழையபடி தெருப் பக்கம் போட்டுக்கிட்டேன். இப்ப ஒரு தொந்தரவும் இல்ல.

என்ன சார், முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க? வேர்க்குதா? புழுக்கம்தான், காத்து இல்லல்ல. உங்களைப் பாத்தாலே தெரியுது, மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கீங்க. பொண்ணுக்கு வயசு ஏறுது, வந்த இடம் எல்லாம் கூடி வரல, வர்ற முகூர்த்தத்துல நிச்சயத்தை வெச்சுக்கலாம்னு பேசியாச்சு. யாராவது ஒருத்தர் வாயால நல்ல பையன்னு கேட்டுட்டா நிம்மதியாத் தூங்கலாம், அதானே? அதைச் சொல்றதுக்கு நான் ஆள் இல்ல. நல்லவன்னும் சொல்ல மாட்டேன், கெட்டவன்னும் சொல்ல மாட்டேன். பாத்ததைச் சொல்லிட்டேன்.

என்ன கேட்டீங்க?

என் பொண்ணைக் கொடுப்பேனான்னா?

அது எதுக்கு சார் இப்ப? அவதான் கல்யாணம் ஆகி ஓசூர்ல இருக்காளே. இல்ல, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டாங்க. அரசிக்கு முன்னாடியே சௌந்தரம் அக்கா தாம்பாளத்தோட வந்து திலகவதியைக் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஜாதகம் பொருந்தலைன்னு சொன்னேன்.

ஆமா, ஜாதகம் எழுதலைதான். கெட்டிக்காரர் சார் நீங்க, பிடிச்சுட்டீங்களே. ஒரு மரியாதைக்கு அப்படிச் சொல்றதுதான், மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல முடியுமா? காரணம்னு கேட்டா காரணம் ஒண்ணும் கிடையாது. தாம்பாளத்தைப் பாத்ததும் அடி வயித்துல ஏதோ ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவுதான். வயித்துல தோணுறதை எல்லாம் கணக்குல சேக்க முடியுமா? அது அளவு கிடையாது. அரசியோட அப்பா கேட்டப்ப அதைச் சொல்லலையான்னா, எப்படிச் சொல்றது? அவர் கேட்டது தம்பியைப் பத்தி. இது என் வயித்தைப் பத்தி.

நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. உங்க முகம் மாறிடுச்சு. ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு எழுந்திருக்கக் கூடாது சார், உக்காருங்க. அந்தத் தம்பியைப் பத்தி ஒண்ணு சொல்றேன், இது நான் கண்ணால கண்டது, யார்கிட்டயும் சொன்னதில்ல. யாரும் கேக்கல. இதைக் கேட்டா அவன் எப்படிப்பட்ட பொறுப்பானவன்னு உங்களுக்கே விளங்கிடும்.

அவ விழுந்த அன்னிக்கு மேகம் இறங்கி வந்திருந்தது. மழை வர்றதுக்குள்ள புனல்ல சருகு எதுவும் கிடக்குதான்னு பாக்க எழுந்தேன். மழைமானி அந்த மூலையில இல்லையா, அங்க போனா எதிர் மாடி கண்ணுல படாம இருக்காது. அரசி துணி எடுத்துக்கிட்டு இருந்தா. தம்பி பின்னாலயே வந்தான். ஏதோ பேசினாங்க, காத்துல காதுல விழல. சருகு ஒண்ணு புனல்ல சிக்கியிருந்தது. நான் குனிஞ்சேன். குனிஞ்சு எடுத்தேன். நிமிர்ந்தா அவ இல்ல. அவ விழுந்ததை நான் பாக்கல, அது சத்தியம். தம்பி மட்டும் நிக்கிறான். ஓரத்துக்கு வந்து கீழ எட்டிப் பாத்தான். அந்த நேரம் பாத்து முதல் தூறல் விழுது. வேற யாரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பான்? தலைதெறிக்கக் கீழ ஓடியிருப்பான், இல்லையா? தம்பி ஓடல. கொடியில மிச்சம் இருந்த துணியை ஒவ்வொண்ணா எடுத்தான். உதறினான். மடிச்சான். புடவையைக்கூட நுனி நுனியாச் சேத்து மடிச்சான் சார். அவ கீழ போட்டுட்டுப் போன கிளிப்பைப் பொறுக்கி டப்பாவுல போட்டான். எல்லாத்தையும் அடுக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு அப்புறம்தான் படியிறங்கினான். அதுக்கப்புறம்தான் கீழ "ஐயோ அரசி"ன்னு அவன் குரல் கேட்டுது. ஒரு துணி நனையல. அவ்வளவு பொறுப்பு. அவ்வளவு நிதானம். இந்தக் காலத்துல எந்தப் பையனுக்கு இருக்கு சொல்லுங்க?

சார். ஏன் சார் எழுந்துட்டீங்க? பைய மெதுவா, காபி சிந்திடுச்சு பாருங்க. அதுக்குள்ள படிப் பக்கம் நடக்கறீங்களே?

இருங்க, படியில யாரோ வர்றாங்க. தம்பிதான். அவன் காலடி எனக்குத் தெரியும். கடைசிப் படியில தடுக்காம வர்றவன் அவன் ஒருத்தன்தான்.

வா தம்பி, வா வா. ஆலையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டியே? அம்மா போன் பண்ணினாங்களா? இவர்தான் பட்டுக்கோட்டை நாகரத்தினம் சார், வான்மதியோட அப்பா. உங்களுக்குள்ள முன்னாடியே பாத்துப் பழக்கமா? போட்டோவுலதானா, சரி சரி. கிளம்பறேங்கிறாரு, நீயே பைக்ல பஸ் ஸ்டாண்டுல விட்டுடேன். உன்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எதைச் சொன்னேன்னா கேக்கறே? அதான்ப்பா, அன்னிக்கு அரசி விழுந்ததும் நீ பதறாம துணியெல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டு இறங்கினியே, அதைத்தான்.

ஆமா, பாத்தேனே. இங்கதான் நின்னேன். உனக்குத் தெரியாதா?

ஏன் தம்பி அப்படிப் பாக்கறே? வேற யார்கிட்டயும் சொல்லல. சாருக்குத்தான் முதல்ல சொல்றேன். இன்ஸ்பெக்டர் அதைக் கேக்கவே இல்லையே.

எதுக்குப்பா படிக்கதவைச் சாத்தறே? சாரலா? மழையே இல்லையே தம்பி. காத்து திரும்பவே இல்லையே. தாழ்ப்பாள் எதுக்கு?

சரி, உக்காருங்க சார். தம்பி உக்காரச் சொல்றான், உக்காருங்க. என்ன தம்பி, சார் நாற்காலியை அந்தப் பக்கம் போடறே? கடலைக் காட்டறானாம் சார் உங்களுக்கு. ஆமா, அங்கேர்ந்து பாத்தா கலங்கரை விளக்கம் நல்லாத் தெரியும். பாருங்க.

எங்க நின்னு பாத்தேன்னா? இந்த மூலையிலதான். மழைமானிகிட்ட. வந்து காட்டணுமா? காட்டறேன், அதுக்கென்ன. தோளை விடுப்பா, நானே நடப்பேன். இதோ, இந்த இடம். இங்க நின்னு இப்படிக் குனிஞ்சேன். சுவர் கட்டை, பாத்து நில்லு.

இல்ல தம்பி, குனிஞ்சு காட்ட வேண்டாம். சொன்னாப் போதாதா? எனக்குத் தலை சுத்தும். கையை எடு.

சார்.

நாகரத்தினம் சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க சார். கடலை அப்புறம் பாத்துக்கலாம். இங்க பாருங்க. உங்களைத்தான் சார் கூப்பிடறேன். காதுல விழுதில்ல?